பேச்சியம்மாள் சொன்ன பெயர்

அழைக்காத வீட்டுக்குப் போய், கேட்கக் கூடாததைக் கேட்டு, அதைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புவதற்குக் கள ஆய்வு என்று பெயர். அந்தத் தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது பேராசிரியர் பேச்சை நம்பி யார் வீட்டு வாசலிலாவது நோட்டும் கையுமாக நின்று, நாய்க்குப் பயந்து பின்வாங்கியவர்களாக இருப்பீர்கள். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. கீழே எழுதியிருப்பதில் பேச்சியம்மாள் சம்பந்தப்பட்ட பகுதியை நானே இப்போது முழுசாக நம்பவில்லை. நடந்தது நடந்ததுதான். அது ஏன் நடந்தது என்று வகுப்பில் நான் சொல்லிவந்த விளக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சில குடும்பங்களைச் சிவகாசிக்கு வெளியே ஓலைக் கொட்டகைகளில் தங்க வைத்திருந்தார்கள். பக்கத்துப் பொட்டலில் காரை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கப்பல் ஏறும்போது கொடுத்த குடும்பக் கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு என்று பேச்சு. மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த எங்கள் நான்கு பேருக்கும் அதுதான் களம். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியின் மாடியில் தங்கி, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே எழுந்து, தினமும் காலை பஸ் ஏறுவோம். எங்களை உள்ளே விடுவதற்கு, குடியேற்ற வேலையைக் கவனித்த அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. ஆய்வு அறிக்கையில் ஒரு பிரதி அவர்களுக்கும் தர வேண்டும். நாம் எழுதுவதையும் வாசிக்க ஒருவர் இருக்கிறாரே என்று எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கேன் இல்லாதவர்கள்

முதல் நாள் நாங்கள் கொட்டகை வரிசைக்குள் நுழைந்ததும் பெண்கள் பானை சட்டிகளை வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி தூளியை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மலேரியா மருந்து அடிக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த ஜேக்கப், சாத்தூர்ப் பக்கத்து வாத்தியார் மகன், பேச்சில் கெட்டிக்காரன். மருந்தடிக்க வரவில்லை, உங்கள் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று அழகாக எடுத்துச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இருண்டது. இதற்கு மலேரியாவே தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும்.

பானைகளைத் திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருத்தி என் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "மருந்தடிக்கிறவுகன்னா கேன் இருக்கும், கொசுவைக் கொல்ல வந்திருக்காகன்னு தெரிஞ்சுக்கிடலாம். உங்க கையில பென்சில்தான இருக்கு. இது எதைக் கொல்லும்?"

முக்கோணமும் வட்டமும்

வம்சாவளிப் படம் போடாமல் எங்கள் துறையில் யாரும் கரையேற முடியாது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்துபோனவர் மேல் குறுக்காக ஒரு கோடு. கருப்பையா என்ற பெரியவர், பர்மாவில் நெல் மில்லில் வேலை பார்த்தவர், இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். தங்கைக்கு நான் போட்ட வட்டத்தைப் பார்த்து, அவள் இன்னும் கொஞ்சம் பெரிசு என்றார். மச்சானின் முக்கோணத்துக்கு மீசை வைக்கச் சொன்னார். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது போல இருந்தது.

பிறகு அவர் சம்சாரத்தைப் பற்றிக் கேட்டேன். ரங்கூனில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். சொல்லும்போது குரல் மாறவில்லை. நான் வட்டத்தின் மேல் கோட்டை இழுத்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்க முடியுமா என்று கேட்டார். அதுதான் முறை, உலகம் முழுக்க இப்படித்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். அப்போது நான் எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு சொன்னார்: "அவ செத்துப்போனான்னு நான்தான்யா சொன்னேன். அதுக்காக என் கண்ணு முன்னாலயே அடிப்பீகளா?"

ஜேக்கப் வேலைக்குப் போனது

மக்களோடு மக்களாக இருந்து, அவர்கள் செய்வதைச் செய்து பார்த்தால்தான் ஆய்வு என்பது எங்கள் பேராசிரியரின் கொள்கை. அவர் மதுரையை விட்டு வருவதில்லை. பர்மாவில் கடை கண்ணி வைத்திருந்த வீட்டுப் பெண்கள் இங்கே மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அவர்களுக்குப் புது வேலைதான், விரல் தோல் உரிந்துதான் பழகியிருந்தார்கள். ஜேக்கப் ஒருத்தியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் சட்டத்தில் தானும் அடுக்கினான். பாதி குச்சி தலைகீழாக நின்றது. சாயங்காலம் மேஸ்திரி வந்து அந்தச் சட்டங்களை அப்படியே தள்ளிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

ஜேக்கப் மன்னிப்புக் கேட்டான். அவள் கோபப்படவில்லை, உதிர்ந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "வாத்தியார் வீட்டுப் பிள்ளைய்யா நீங்க. எங்களோட சேந்து பட்டினி கெடக்கணும்னு ஒங்க புத்தகத்துல எளுதியிருக்கா?"

சாமி படம்

வீட்டுக்காரர் பெயர் என்ன என்பது எங்கள் படிவத்தில் இரண்டாவது கேள்வி. ஐந்து வாரத்தில் ஒரு பெண்கூட அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கட்டினவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது, பர்மா போய்வந்தாலும் கிடையாது. சிலர் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். சிலர் கார்டை எடுத்து நீட்டுவார்கள். ஒருத்தி முருகன் காலண்டரைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். முருகனா, வேலனா, தண்டபாணியா, கந்தனா என்று நான் அடுக்கிக்கொண்டே போக அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பெயராக எடுத்துக்கொடுத்தார்கள். எனக்கு அர்ச்சனை செய்கிற குருக்கள் போல வியர்த்துவிட்டது. கடைசியில் குமாரசாமி என்று ஒரு கிழவர் போட்டு உடைத்தார்.

சும்மா ஒரு பெயரைச் சொல்ல ஏன் இந்தப் பாடு என்று நான் சலித்துக்கொண்டேன். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா அவுக ஆயுசு கொறையும்பாக. ஒங்களுக்கென்ன, ஒரு வரி நெறையும்."

சோலையப்பன்

பேச்சியம்மாளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். அவள் கார்டில் குடும்பத் தலைவர் சோலையப்பன், மனைவி பேச்சியம்மாள் என்று இருந்தது. சோலையப்பன் விடியற்காலையிலேயே லாரி ஏறி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனிக்குப் போய்விடுவார். பேச்சியம்மாள்தான் எனக்குக் கிடைத்த ஆட்களிலேயே நன்றாகப் பேசுகிறவள். கப்பலில் தண்ணீருக்கு வரிசை நின்றது, மேல்தளத்தில் பாய் விரிக்க இடம்பிடித்தது என்று அவள் சொன்னதை எழுதி ஒரு நோட்டே தீர்ந்தது. முதல் தடவை வீட்டுக்காரர் பெயர் கேட்டபோது மற்றவர்களைப் போலவே கார்டை நீட்டினாள். நானும் மற்றவர்களைப் போலவே எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஒருநாள், அவரைப் பார்த்துப் பேச வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சோலையப்பன் வரப் பொழுது அடையும். நாளைக்கி வாங்க" என்றாள். பென்சில் நின்றுவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. முறத்தையும் நிறுத்தவில்லை. நான் மெதுவாக, அவர் உங்கள் வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்டேன்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவளுடைய புருஷன் மேல்நாட்டுக்கு, அதாவது பர்மாவில் வடக்கே, சரக்கு விஷயமாகப் போனவர் திரும்பவில்லை. கப்பல் முறை வந்துவிட்டது. ஆண் துணை இல்லாத குடும்பத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பக்கத்து வீட்டுச் சோலையப்பன் சம்சாரத்தை இழந்த தனி ஆள். இருவரும் ஒரே குடும்பமாகப் பெயர் கொடுத்துக் கப்பல் ஏறிவிட்டார்கள். காகிதத்தில்தான் குடும்பம். இங்கே வந்தும் அவர் கொட்டகைக்கு வெளியேதான் படுத்தார். அவளுடைய புருஷனுக்கு ஆள் மூலம் இந்த இடத்தின் விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் வந்தால் இங்கேதான் வர வேண்டும். உண்மையைச் சொன்னால் பொய்க் கார்டு என்று வீடு போய்விடும். சொல்லாவிட்டால், வருகிற மனுஷனுக்கு அந்த வீட்டில் இடமில்லை, அவர்தான் அயலான். இது இரண்டுக்கும் நடுவில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. நோட்டு மடியில் திறந்தே இருந்தது. அவளாகவே சொன்னாள்: "நீங்க படிச்சவுக. இதை எப்படி எளுதணுமோ அப்படி எளுதுங்க."

பாராட்டு

எழுதினேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான். ஒரு பெண் சொல்லக் கூடாத பெயரைச் சொன்னதை வைத்து, காகிதக் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்த விதத்தை இரண்டு பக்கத்துக்கு விவரித்திருந்தேன். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்தார். காது இருந்தால் போதாது, வழக்கம் தெரிந்த காது வேண்டும் என்றார். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு மதியம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. நான் ஒன்றும் யோசிக்காதவன் இல்லை. பேச்சியம்மாள் பெயரை மாற்றியிருந்தேன். சோலையப்பன் பெயரையும் மாற்றியிருந்தேன்.

அறிக்கையின் பிரதி அலுவலகத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து, மதுரை விடுதி அறையில் ஜேக்கப் எங்கள் கைப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். கொட்டகைகளின் வரைபடத்தை நான்தான் போட்டிருந்தேன். வரைபடம் இல்லாத அறிக்கை அறிக்கையே இல்லை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்தக் கொட்டகையில் என்ன தகவல் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தேன். ஜேக்கப் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தான். பிறகு சொன்னான்: "பேரை மாத்திட்டே, சரி. வரிசை நம்பரையும் வீட்டு நம்பரையும் அப்படியே வச்சிருக்கியேடா."

வாசித்துக் காட்டினார்

மறுநாளே அலுவலகத்துக்குப் போய்ப் பிரதியைத் திரும்பக் கேட்டிருக்கலாம். திருத்தம் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேட்டால் பேராசிரியருக்குத் தெரியும், தெரிந்தால் அந்த மதியம் இல்லாமல் போகும். அலுவலகத்தில் யார் இதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் அறிக்கைகளும் அலமாரியில்தானே தூங்குகின்றன? என்னுடையதும் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை.

அடுத்த வருஷம் தீபாவளி சீசனில், தேர்வெல்லாம் முடிந்த பிறகு, சிவகாசிக்குப் போனேன். காரை வீடுகளில் ஆட்கள் குடியேறியிருந்தார்கள். பேச்சியம்மாள் எந்த வீட்டிலும் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சோலையப்பன் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதுவே எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேருக்கும் வீடு இல்லை என்று ஆகிவிட்டது, கார்டையும் வாங்கிக்கொண்டார்கள், பேச்சியம்மாள் பிள்ளைகளோடு எம். புதுப்பட்டிக்குப் போய்விட்டாள் என்றார். அங்கே ஒரு வெடிக் கம்பெனியில் வேலையாம். புருஷனிடமிருந்து தகவல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்று கையை விரித்தார். யார் மூலம் அலுவலகத்துக்குத் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை, எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்: "படிச்ச பிள்ளைக எளுதுனதுன்னு ஆபீசர் எங்களை நிக்க வச்சு வாசிச்சுக் காமிச்சாரு தம்பி. அம்புட்டும் நெசம்தான். நல்லாத்தான் எளுதியிருந்தீக."

எம். புதுப்பட்டி

அந்த அறிக்கை எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. வருஷா வருஷம் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சோலையப்பன் கதையைச் சொல்வேன். வழக்கத்தைத் தெரிந்துகொண்டு கேட்டால், மறைக்க நினைப்பதும் வாய் தவறி வெளியே வந்துவிடும் என்பது பாடம். வீட்டு நம்பரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு சார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். முப்பது வருஷத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை என்பதும், கேட்காதபடி நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தோன்றியது. ஐந்து வாரம் ஒரு சொல் பிசகாமல் காத்துவந்தவள், அந்த ஒருநாள் மட்டும் எப்படித் தவறுவாள்? தவறினால் ஏன் நாக்கைக் கடிக்கவில்லை? நான் கேட்டதும் ஏன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், கேட்க ஆள் கிடைக்காதா என்று இருந்தவள் போல? எப்படி எளுதணுமோ அப்படி எளுதுங்க என்றதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அது மனு. படித்த பிள்ளைகள், அலுவலகத்தில் போய்ச் சொல்லி, தண்டனை இல்லாமல் கார்டைத் திருத்திக் கொடுப்பார்கள் என்று நம்பிக் கொடுத்த மனு. நான் அதை வாங்கிப் போய்ப் பாராட்டு வாங்கிவிட்டேன்.

இந்த வருஷம் தை மாதம் புதுப்பட்டிக்குப் போனேன். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, பர்மாக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, வாங்க, நல்லா இருக்கீகளா என்றாள். கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினாள். பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிச் சாத்தூர்ப் பக்கம் இருக்கிறார்கள். சோலையப்பன் செத்து நாளாகிறது, கடைசி வரைக்கும் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தாராம். புருஷனைப் பற்றி ஒன்றும் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது. வீட்டைப் பற்றியோ அறிக்கையைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிக்கு எத்தனை பிள்ளைகள், சீனி வியாதி உண்டா, கலர் குடிக்கலாமா என்று அவள்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

எனக்காகத்தான் போயிருந்தேன் என்பது தெரிந்தேதான் இருந்தது. வாய் தவறிச் சொன்னேன் என்று அவள் சொல்லிவிட்டால் என் பாடம் பிழைக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதே அந்தப் பதில் வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்ட ஒருவனிடம் அவள் உண்மையைச் சொல்வாளா, வந்தவன் மனசு நோகக் கூடாது என்று எனக்கு ஏற்ற பதிலைச் சொல்வாளா என்பதைக் கண்டுபிடிக்க எந்த முறையும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்கும் கலையைக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன், கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்பதற்கு அரை ஆயுளை எடுத்துக்கொண்டு, பாதிக் கலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "அன்னைக்கு நீங்க சோலையப்பன்னு பேர் சொன்னது வாய் தவறி வந்ததா, இல்ல, என்னை நம்பிச் சொன்னதா?"